சம்பந்தப்பட்டவர்கள் யார்?

இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் பிராந்தியச் செய்திப் பக்கங்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். குன்றும் குழியுமான ஒரு தோட்டப் பாதையின் படம், பாதையோரத்தில் குடையுடன் நான்கைந்து பெண்கள், சீருடையில் சில பிள்ளைகள், கீழே, "இப்பாதை நீண்டகாலமாகச் செப்பனிடப்படாமையால் மக்கள் பெரும் சிரமங்களை எதிர்நோக்குகின்றனர். சம்பந்தப்பட்டவர்கள் கவனம் எடுப்பார்களா?" என்ற கேள்வி. பாதைக்குப் பதிலாகக் குடிநீர்க் குழாய் இருக்கலாம், நிரம்பி வழியும் கான் இருக்கலாம், குப்பை மேடு இருக்கலாம். ஊரின் பெயர் மாறும், வாக்கியம் மாறுவதில்லை.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்த வாக்கியத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் அச்சில் பார்த்திருக்கிறேன். இதை எழுதும் பிராந்திய நிருபர்களைப் பலர் கேலி செய்வதுண்டு. என்னைக் கேட்டால், அவர்கள் எழுதியது முற்றிலும் சரியான வாக்கியம் என்பேன். கொழும்பில் ஒரு வீதி உடைந்தால் அது யாருடைய வீதி என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டப் பாதை உடைந்தால் சம்பந்தப்பட்டவர் யார் என்பதே வழக்கு. அதற்கு விடை தெரியாத நிருபர் வேறு எப்படி எழுதுவார்?

கொட்டகலையை எடுத்துக்கொள்வோம். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, அவிசாவளையிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ7 வீதியில், நகரம் என்று சொல்லத்தக்க அளவிலும் ஊர் என்று சொல்லத்தக்க நெருக்கத்திலும் அமைந்த இடம். ஹட்டனிலிருந்து புகையிரதத்தில் வருபவர்கள் சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்த சிறிது நேரத்தில் கொட்டகலை நிலையத்தில் இறங்கலாம். மலையக அரசியலை அறிந்தவர்களுக்கு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சி.எல்.எஃப். வளாகம் நினைவுக்கு வரும். கல்வித்துறை சார்ந்தவர்களுக்கு அருகிலுள்ள பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி.

இந்தச் சிறிய நகரத்தில் எது யாருடையது என்று ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. புகையிரதப் பாதையும் அதையொட்டிய ஒதுக்குக் காணியும் புகையிரதத் திணைக்களத்துடையவை. சில கிளை வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. கடைகளுக்குப் பின்னால் சில யார் தூரம் நடந்தால் தேயிலை தொடங்கிவிடும். அது குத்தகைக்கு எடுத்த பெருந்தோட்டக் கம்பனியின் கையில். மலையகத்தின் எல்லாச் சிறு நகரங்களும் இப்படித்தான், வீதியின் இருபுறமும் ஒரு வரிசைக் கடைகளாக, நீண்டு மட்டும் வளர்ந்திருக்கின்றன. அகலமாக வளர நிலம் இல்லை. ஒரு பஸ் தரிப்பிடத்துக்கும் சந்தைக்கும், விளையாட்டு மைதானத்துக்கும் மயானத்துக்கும், குப்பை கொட்டும் இடத்துக்கும்கூட யாரிடமாவது நிலம் கேட்டு நிற்க வேண்டும். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபைக்கு இவற்றுக்கிடையே மிஞ்சுவது மிகச் சொற்பம்.

இது நகரத்தின் கதை. ஏ7 வீதியிலிருந்து திரும்பித் தோட்டப் பாதையில் ஏறினால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. அந்தப் பாதை கொழுந்து லொறிக்காக வெட்டப்பட்டது. அதே பாதையில்தான் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கிறார்கள், நோயாளியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்துரையைப் பொறுத்தவரை அது உற்பத்திக்கான பாதை. லொறி போய்வந்தால் போதும். லயத்தில் இருப்பவருக்கு அது ஊர் வீதி. ஒரே பாதைக்கு இப்படி இரண்டு பொருள் உண்டு. சட்டம் மிக நீண்டகாலம் முதலாவது பொருளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது.

இந்த நிலைமை தற்செயலாக உருவானதல்ல. தோட்டம் கிராமம் அல்ல என்பது ஆங்கிலேயர் காலத்து உள்ளூராட்சிச் சட்டங்களின் அடிப்படை அனுமானம். கிராமத்துக்குக் கிராமக் குழு உண்டு. தோட்டத்துக்குத் துரை உண்டு. 1930களின் பிற்பகுதியில் கிராமக் குழுக்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் விலக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் விசித்திரமானது: எந்த இனத்தவராயினும் தோட்டத் தொழிலாளர் அனைவரும் விலக்கப்பட்டனர். பாகுபாடு இல்லை என்று காட்டுவதற்காகப் பாகுபாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள்! பின்னர் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமையே இல்லாதவருக்கு உள்ளூராட்சி ஏது?

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது 1987 ஆம் ஆண்டு. அந்த ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையாகியிருந்தன. மக்களில் பெரும்பகுதியினர் குடியுரிமை பெற்றிருந்தனர் அல்லது பெறும் வழியில் இருந்தனர். அப்படியிருந்தும் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. தோட்டம் தனியார் சொத்து, பொதுப் பணத்தை அங்கே செலவிட முடியாது என்பதே அதற்கு எப்போதும் சொல்லப்பட்ட நியாயம். 1987 இல் தோட்டத்தின் உரிமையாளரும் அரசு, அதை நிர்வகித்ததும் அரசு! அரசாங்கத்தின் சபை அரசாங்கத்தின் நிலத்தில் ஒரு கிணறு வெட்ட முடியாது என்பதுதான் சட்டத்தின் பொருள். தனியார் சொத்து என்ற வாதம் அன்றைக்கே பொய்த்துப்போன வாதம்.

1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அப்போதும் நிலம் விற்கப்படவில்லை. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் உரிமையாளர்களாக நீடிக்க, கம்பனிகள் 2045 வரையிலான குத்தகைக்காரர்கள் ஆயின. குடியிருப்பு, குடிநீர், மலசலகூடம் போன்றவற்றைக் கவனிக்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் உருவானது. தோட்டங்களில் இதை "ட்ரஸ்ட்" என்றே சொல்வார்கள். ட்ரஸ்ட் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் அதன் சபையில் உட்கார்ந்திருப்பவர்களை லயத்து மக்கள் தெரிவு செய்வதுமில்லை, தோற்கடிக்கவும் முடியாது. ஒரு பிரதேச சபை உறுப்பினரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கேள்வி கேட்கலாம்.

2018 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, புதிய சபைகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 711,644. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளில் மட்டும் தலா இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒரு மாநகர சபையும் இரண்டு நகர சபைகளும் நீங்கலாக எஞ்சிய இந்தப் பெரும்பரப்பு முழுவதற்கும் இரண்டே இரண்டு பிரதேச சபைகள்தான் இருந்தன. நீண்ட கோரிக்கைகளுக்குப் பின் அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிக்கப்பட்டன. 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த தேர்தலில் கொட்டகலைப் பிரதேச சபைக்கு முதன்முறையாக உறுப்பினர்கள் தெரிவாயினர். இரண்டாவது, அதே ஆண்டில் பாராளுமன்றம் 33 ஆம் பிரிவைத் திருத்தியது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் போன்ற அமைப்புகள் இதற்காக நெடுங்காலம் குரல் கொடுத்துவந்தன. அரசியல் கட்சிகள் வழக்கம்போல "எங்களால்தான்" என்று உரிமை கொண்டாடின. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

தடை நீங்கியது உண்மை. நிலம் கைமாறவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையைப் பற்றித்தான் பேச்சு எழுவதில்லை.

நடைமுறையை யோசித்துப் பாருங்கள். ஒரு பிரிவின் லயங்களுக்குக் குடிநீர்த் திட்டம் ஒன்றைச் செய்யச் சபை தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீரூற்று தேயிலை மலையின் மேற்பகுதியில் இருக்கிறது. அங்கே தாங்கி கட்ட வேண்டும், குழாய் தேயிலைக்குள்ளால் வர வேண்டும். சபை தோட்ட முகாமையாளருக்கு எழுதுகிறது. அவர் கம்பனியின் தலைமையகத்துக்கு எழுதுவார். காணியில் நிரந்தரக் கட்டுமானம் என்றால் நிலத்தின் உரிமையாளரான அரச நிறுவனத்தையும் கேட்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வரக்கூடும். இந்தக் கடிதங்கள் கொழும்புக்கும் மலைக்குமாக ஏறி இறங்கும் காலத்தில் சபையின் நிதியாண்டு முடிந்துவிடும். ஒருவரும் மறுக்கவில்லை, ஆனாலும் வேலை நடக்கவில்லை. கட்டி முடித்தபின் குழாய் உடைந்தால் யார் திருத்துவது என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

இதில் சபைகளே இல்லாத காலமும் சேர்ந்துகொண்டது. 2018 இல் தெரிவான சபைகளின் ஆயுள் ஓராண்டு நீடிப்புக்குப் பின் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாடெங்கும் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். பழைய சபைகளைக் கொண்ட ஊர்கள் இதைத் தாங்கிக்கொள்ளலாம். பிறந்து ஐந்து வயதான கொட்டகலைச் சபைக்கு அது நடை பழகும் காலம்.

மின்சாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மலையகத்தின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் விரிவான கட்டுரை சமர்ப்பித்தார். 1950 இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ, 1969 இல் மவுஸாக்கலை என நீர்த்தேக்கங்கள் வந்தன. 2012 இல் தலவாக்கலையில் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம். நீரும் நிலமும் கொடுத்த மலையில் லயங்கள் மட்டும் பல தசாப்தங்கள் குப்பி விளக்கில் இருந்தன. அந்த அநீதி தனிக்கதை. இங்கே நான் சொல்ல வருவது, தாமதமாக வந்தாலும் மின்சாரம் வந்துசேர்ந்தது என்பதுதான். மின்கம்பிக்குத் தோட்ட எல்லை ஒரு பொருட்டல்ல. மின்கம்பம் நாட்டுவதற்கும் கம்பி இழுப்பதற்கும் வழியுரிமை சட்டத்திலேயே உண்டு. கம்பம் நின்ற இடம் தேயிலையா, தென்னையா என்று யாரும் கேட்பதில்லை. வீதிக்கும் தண்ணீருக்கும் இதைப் போன்ற ஓர் ஏற்பாடு ஏன் கூடாது?

தண்ணீர் விடயத்தில் நகரத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கள் சோலைவரியைத் தோட்டத்துக்குச் செலவழிப்பதா என்று மலையக நகரங்களின் கடைக்காரர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடையின் வியாபாரம் தோட்டத்தின் சம்பள நாளிலும் முற்பண நாளிலும்தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரியும். மலைச் சிறு நகரங்களின் நீர் பெரும்பாலும் மேலே தேயிலைக்குள் ஊறும் நீர். களைகொல்லி தெளிப்பதும் பசளை போடுவதும் அந்த ஊற்றைச் சுற்றித்தான். லயத்தின் பீலிக்கரை அசுத்தமானால் கீழே இருக்கும் நகரத்தின் குவளைக்கும் அது வரும். நகரத்தின் குப்பையும் கழிவும் இறங்கிச் சேர்வது தோட்டத்து ஓடையில். தண்ணீருக்குக் குத்தகை எல்லை தெரியாது. வரி விடயமாக ஒன்றையும் நினைவூட்டலாம்: பிரதேச சபைச் சட்டம் பயிர் நிலங்களுக்கு ஏக்கர் வரி விதிக்கவும் இடமளிக்கிறது. அந்த வரி காலத்துக்கேற்ப இருக்கிறதா, முறையாக அறவிடப்படுகிறதா என்பதைப் பற்றி நகரத்தவரும் தோட்டத்தவரும் சேர்ந்து குரல் எழுப்பலாமே.

கம்பனிகளின் தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பாதைகளையும் ஊற்றுகளையும் சபைக்குக் கொடுத்தால் அதைத் தொடர்ந்து அரசியல்வாதிகள் காணியைத் துண்டு போட்டுப் பங்கிடுவார்கள், தேயிலை அழியும், தொழிலாளருக்கே வேலை போகும் என்கிறார்கள். பங்கிடுவார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல; இந்த நாட்டில் அப்படி நடந்ததுண்டு. ஆனால் நான் கேட்பது தேயிலை நிலத்தை அல்ல. ஏற்கனவே பாதையாக இருக்கும் பாதையை, ஏற்கனவே மக்கள் குடிக்கும் ஊற்றை. பிரதான வீதியிலிருந்து லயங்களுக்கும் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் செல்லும் தோட்டப் பாதைகளை மட்டும் அளந்து, வர்த்தமானியில் பிரசுரித்து, பிரதேச சபை வீதிகளாக்கினால் கம்பனிக்கு ஒரு கொழுந்தும் குறையாது. கொழுந்து லொறி அதன் மேல் இன்னும் சுகமாகப் போகும். செப்பனிடும் செலவும் அதன் தலையிலிருந்து இறங்கும். இதைக் கம்பனிகளே கேட்டிருக்க வேண்டும்!

கடல் தாண்டி வால்பாறையைப் பார்க்கலாம். ஆனைமலையின் அந்தத் தேயிலை ஊர் ஒரு நகராட்சி. அதன் வார்டுகளுக்குள் தோட்டங்களும் அடக்கம். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் உறுப்பினர்களைத் தெரிவு செய்து மன்றத்துக்கு அனுப்புகிறார்கள். வீடும் குடிநீரும் தர வேண்டிய கடமையை 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அங்கேயும் நிர்வாகத்தின் மீதே சுமத்தியிருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை அங்கேயும் உண்டு. அதனால் வால்பாறையைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. தேயிலை நிலத்தை நகராட்சி எல்லைக்குள் வைத்துக்கொண்டே தேயிலை விளைய முடியும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

இந்தக் கேள்வியை இப்போது எழுப்ப ஒரு காரணம் இருக்கிறது. லயங்களுக்கு மாற்றாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டும் திட்டங்கள் 2015 க்குப் பின் வேகம் பெற்றன. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள், பின்னர் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் பத்தாயிரம். இவை தனித்தனிக் குடியிருப்புகளாக எழும்போது ஒவ்வொன்றுக்கும் பாதை வேண்டும், கான் வேண்டும், குப்பை அள்ள வண்டி வர வேண்டும். வீட்டுக்கு உறுதி கிடைத்தாலும் அந்த வீட்டுக்குப் போகும் பாதை யாருக்கும் சொந்தமில்லாத பாதையாக இருந்தால் பழைய கதைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. தோட்டக் குடியிருப்புகளும் தப்பவில்லை. பாதுகாப்பான இடத்தில் மீளக் குடியமர்த்தக் காணி எங்கே என்ற கேள்வி அப்போதும் குத்தகைப் பத்திரத்தில் வந்து முட்டியது. மலைச்சரிவில் ஒரு கான் அடைபட்டிருப்பது சாதாரண முறைப்பாடாகத் தெரியலாம். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கானைத் துப்புரவு செய்ய வேண்டியவர் யார் என்று சட்டத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

கொட்டகலையைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து எனக்கு எழுதுவதுண்டு. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஒரு நீர்த்தாங்கிக்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்பார்கள். அனுப்புங்கள், தடையில்லை. அதற்கு முன் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் எழுதிக் கேட்கலாம். ஊரில் இருக்கும் உங்கள் தம்பியோ தங்கையோ தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். காரணமும் கேட்க முடியாது.

பிரதேச சபையிடம் ஒரு விண்ணப்பம்: சபையின் எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகளில் எவை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளன, எவை இல்லை? 2018 திருத்தத்துக்குப் பின் தோட்டக் குடியிருப்புகளுக்கு ஆண்டுவாரியாகச் செலவிட்ட தொகை எவ்வளவு? நிலத்தின் உரிமையாளரான அரச நிறுவனத்திடம் இன்னொரு விண்ணப்பம்: பாதைகளையும் நீரூற்றுகளையும் சபைக்குக் கையளிக்கக் கோரி எத்தனை கடிதங்கள் வந்தன, எத்தனைக்குப் பதில் அனுப்பப்பட்டது? வரும் பதில்களை ஊரின் பிராந்திய நிருபரிடம் கொடுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைப் போட்டே அவர் அடுத்த செய்தியை எழுதட்டும்.